லோயருக்கு முப்பத்துமூன்று, ஹையருக்கு நாற்பத்தைந்து

டீச்சர் காபி குடிக்கிறவர். ஆனால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த கடையில் மட்டும் டீ குடிப்பார். ஒருநாள் ஏதோ யோசனையில் காபிக்குப் பதிலாக ‘ஒரு டீ’ என்று சொல்லிவிட்டாராம். கடைக்காரர் போட்டுக் கொடுத்தார், இவரும் குடித்தார். மறுநாள் கேட்காமலேயே டீ வந்தது. அந்தக் கடை இருந்தவரைக்கும் அங்கே டீதான். “காபி வேணும்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன டீச்சர்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அன்னைக்கே சொல்லிருக்கணும். இப்பச் சொல்லி என்ன?” என்றார்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. முப்பது முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் புதுக்கோட்டையில் டைப்ரைட்டிங் படித்தவர்களுக்குச் சொல்லாமலே தெரிந்துவிடும். மற்றவர்களுக்குப் பெயர் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அவரே இதைப் படிக்க நேர்ந்தால் பெயரைத் தேடமாட்டார், எழுத்துப் பிழையைத்தான் தேடுவார்.

கீழ ராஜ வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. கீழே சைக்கிள் கடை, மாடியில் இன்ஸ்டிடியூட், அதற்கும் மேலே அவர்கள் வீடு. இருபத்திரண்டு மிஷின்கள். வாசலை ஒட்டிய மேஜையில் டீச்சரின் அப்பா வருகைப் பதிவேட்டோடு உட்கார்ந்திருப்பார். போர்டில் அவர்தான் பிரின்சிபால். எழுபது வயசுக்காரர், மடிப்புக் கலையாத சட்டை, வாயில் எப்போதும் இங்கிலீஷ். ஒருவருக்கும் ஒரு எழுத்து சொல்லிக் கொடுத்ததில்லை. “சிட்”, “சைன்”, “கோ” என்று மூன்றே சொல்லில் எங்கள் எல்லோரையும் மேய்த்துவிடுவார். சொல்லிக் கொடுத்ததெல்லாம் டீச்சர். அப்போது அவருக்கு முப்பத்தைந்து இருக்கும். கல்யாணம் ஆகவில்லை.

பிளஸ் டூ முடித்த கையோடு என்னை அங்கே சேர்க்க அப்பா கூட்டிப் போனார். டீச்சர் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஏதோ கத்தரிக்காய் வாங்க வந்தவர் மாதிரி. “வெரல் குட்டை. லோயர் தேறும். ஹையர் கஷ்டம்ங்க,” என்று என் அப்பாவிடம் சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒன்றரை வருஷம் கழித்துப் பெரிய பரீட்சையான ஹையரில் முதல் வகுப்பு வாங்கி, சர்டிபிகேட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். நிதானமாகப் படித்தார். கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியா என்று பார்த்தார். “வெரல் இப்பவும் குட்டைதான்,” என்றார். ஆனால் அன்று சாயங்காலம் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார், அந்தக் கடையில்தான்.

இன்ஸ்டிடியூட்டுக்குள் ரப்பருக்கு இடமில்லை. பரீட்சையில் அழிக்கக் கூடாது, அழித்தால் அதுவும் பிழைக் கணக்கு. அது எல்லா இன்ஸ்டிடியூட்டுக்கும் பொது. இவர் பயிற்சியிலும் அழிக்க விடமாட்டார். யாராவது ரப்பரோடு வந்தால் வாங்கி ஜன்னல் வழியே வீசிவிடுவார். கீழே சைக்கிள் கடைக்காரர் பொறுக்கி எடுத்துத் தன் பிள்ளைகளுக்குக் கொண்டுபோவார். அந்தப் பிள்ளைகள் படித்த காலம் முழுக்க ரப்பர் வாங்கியதில்லை என்று அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். தப்பாக அடித்துவிட்டு நாங்கள் கையைப் பிசைந்தால் டீச்சருக்குக் கோபம் வரும். “அடிச்சாச்சுல்ல? மேல போ. அங்கனயே நின்னா அடுத்ததும் தப்பும்.”

மற்ற ஊர் இன்ஸ்டிடியூட்களில் ஸ்கேலால் மேஜையைத் தட்டி வேகம் பழக்குவார்கள். எங்கள் இடத்தில் ரெக்கார்டு பிளேயர் இருந்தது. தொடக்கத்தில் சினிமாப் பாட்டுத்தான் போட்டார்களாம். பிள்ளைகள் பாட்டோடு சேர்ந்து பாடியதோடு நிற்காமல், பாட்டு வரிகளையே அலுவலகக் கடிதத்துக்கு நடுவில் அடித்து வைத்திருக்கிறார்கள். அதற்கப்புறம்தான் இந்த இங்கிலீஷ் ரெக்கார்டுகள் வந்தன. மூன்று சின்னத் தட்டுகள். நடுவில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பழுப்புத் தாளை வட்டமாக வெட்டி ஒட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டிருக்கும்.

அதைப் பாட்டு என்று சொல்லவே எங்களுக்கு வாய் வராது. ஒரு கிதார், பித்தளைப் பாத்திரத்தைக் கத்தியால் சுரண்டுகிற மாதிரி. அதற்கு மேலே ஒரு குரல், ரேஷன் கடை வரிசையில் சண்டை போடுகிற குரல். அடியில் டிரம். அது மட்டும் ஒரு குழைவும் இல்லாமல், உலர்ந்து, சீராக ஓடும். விரல் தானாக அதைப் பிடித்துக்கொள்ளும். லோயர் பரீட்சைக்கு நிமிஷத்துக்கு முப்பது வார்த்தை, ஹையருக்கு நாற்பத்தைந்து. பிளேயரில் தட்டு சுற்றும் வேகத்தை மாற்றுகிற சின்ன நெம்புகோலிலும் முப்பத்துமூன்று, நாற்பத்தைந்து என்றுதான் எழுதியிருக்கும். லோயர் பேட்ச் என்றால் டீச்சர் அதை முப்பத்துமூன்றில் தள்ளுவார். ஹையர் பேட்ச் வந்தால் அதே தட்டு நாற்பத்தைந்தில் ஓடும். முப்பது போதுமே, மூன்று எதற்குக் கூடுதல் என்று கேட்டதற்கு, “பரீட்சை அன்னைக்குப் பயத்துல மூணு கொறையும்,” என்றார். அப்படித்தான் குறைந்தது.

ஆகவே அந்த ரெக்கார்டு டைப்ரைட்டிங்குக்காகவே வெள்ளைக்காரன் தயாரித்தது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். சந்தேகப்பட ஒன்றுமே இல்லையே! லோயரில் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு ஒரு கிழவன் பேசுவான். ஹையருக்குப் போனால் அதே இடத்தில் ஒரு பெண்பிள்ளை கத்துவாள். கிழவனிடம் தேறினால் பெண்பிள்ளையிடம் போகலாம் என்பதுதான் எங்களுக்குப் பாடத்திட்டம். எங்களோடு படித்த ஒருவர் பிறகு அறந்தாங்கியில் சொந்தமாக இன்ஸ்டிடியூட் ஆரம்பித்தார். திருச்சிக்குப் போய்க் கடை கடையாக ஏறி, ‘டைப்ரைட்டிங் ரெக்கார்டு இருக்கா’ என்று கேட்டு, கடைசியில் ஒரு பக்திப் பாடல் தட்டோடு திரும்பி வந்தார்.

பிரின்சிபாலுக்கு அந்த ரெக்கார்டில் தனிப் பெருமை. சேர்க்க வருகிற பெற்றோரிடம், “சீமையிலேருந்து வரவழைச்சது. தாளத்தைக் கவனிங்க, இம்மி பிசகாது,” என்பார். சொல்லிக்கொண்டே பென்சிலால் பதிவேட்டின் மேல் தட்டுவார். வேறு எதையும் அவர் பாராட்டி நான் கேட்டதில்லை, மகள் உட்பட. இத்தனைக்கும் டீச்சர் ஹையரில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தவர். சென்னையில் கோட்டையில் வேலைக்கு ஆர்டரே வந்ததாம். இன்ஸ்டிடியூட்டை யார் பார்ப்பது என்று அப்பா கேட்டாராம், இவர் போகவில்லை. பெற்றவருக்காக வேலையை விட்ட பெண் என்று ஊரில் நல்ல பெயர். ஒரு தம்பி இருந்து வெளிநாட்டில் இறந்துபோனதாகவும் பேச்சு. “ஒங்களுக்குக் கூடப் பொறந்தவங்க இருக்காங்களா டீச்சர்?” என்று வாய் சும்மா இல்லாமல் நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். “மார்ஜினப் பத்துல வையி,” என்றார்.

பரீட்சைக்கு மிஷினை நாங்களே கொண்டுபோக வேண்டும். டிரை சைக்கிளில் பத்துப் பத்தாக ஏற்றி, பழைய சேலையைச் சுற்றிக் கட்டி, பின்னாலேயே நடந்து போவோம். என் ஹையர் பரீட்சையன்று கூடத்தில் ஒரே அமைதி, ரெக்கார்டு கிடையாது. முதல் நிமிஷத்திலேயே தாளம் போய்விட்டது. அப்போது வெளியே இரும்பில் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. டீச்சர் மரத்தடியில் நின்று, சாவிக்கொத்தால் டிரை சைக்கிள் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் நம்பர் தட்டு, அச்சு அசல் அதே டிரம். கண்காணிப்பாளர் ஓடிப்போய் என்னம்மா இது என்று சத்தம் போட்டார். “வண்டியத்தான தட்டுறேன்? நீங்க உள்ள பாருங்க,” என்று சொன்னாரே தவிர, பத்து நிமிஷம் முடிகிறவரை நிறுத்தவில்லை. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த பிரியம் இன்னும் குறையவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, கம்ப்யூட்டர் வந்தது. டீச்சரை எப்போதாவது கடைவீதியில் பார்த்தால் இரண்டு வார்த்தை பேசுவதோடு சரி.

போன பொங்கல் லீவுக்கு என் மகள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். அடுப்படியில் நான் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருக்க, அவள் போனில் என்னவோ பாட்டைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்தவள், “என்னம்மா பண்ற?” என்று கத்தினாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு நான் மேடையின் மேல் பத்து விரலாலும் அடித்துக்கொண்டிருந்தேன். எப்போது தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது.

“இது ஹையர்டி,” என்றேன்.

“இது ஒனக்கு எப்புடிம்மா தெரியும்? இங்கிலாந்துலயே இவங்கள ஒருத்தருக்கும் தெரியாது.”

வட இங்கிலாந்தில் ஏதோ மில் ஊராம். நான்கு பேர் சேர்ந்து மூன்றே சின்ன ரெக்கார்டு போட்டார்களாம். யாரும் வாங்கவில்லை, குழு கலைந்துவிட்டது. இப்போது ஒரு கம்பெனி பழைய தட்டுகளைத் தேடிப் பிடித்துத் திரும்ப வெளியிட்டிருக்கிறது. அவளுடைய சிநேகிதர்கள் வட்டாரத்தில் இதுதான் இப்போது பேச்சாம். இந்த வகைக்கு போஸ்ட் பங்க் என்று பெயர் சொன்னாள். வேகத்தைக் குறைத்துப் போடு என்றேன். போட்டாள். வெற்றிலை குதப்பும் கிழவன் வந்துவிட்டான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “பாடுறது பொம்பளம்மா,” என்று மகள் அடித்துச் சொன்னாள். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தப் பெண்ணை நாங்கள் பாதி நேரம் கிழவனாக்கி வைத்திருந்திருக்கிறோம்.

அப்புறம் போட்டோவைக் காட்டினாள். மூன்று வெள்ளைக்காரர்கள். டிரம்முக்குப் பின்னால் ஒல்லியாக, கறுப்பாக, நம் ஆள் ஒருவர். நெற்றி டீச்சருடைய நெற்றி. கவனமாக இருக்கும்போது தாடையை ஒருபக்கம் தள்ளிக்கொள்வதும் டீச்சரேதான்.

அவருடைய பேட்டியும் இருந்தது. மகள் படித்துத் தமிழில் சொன்னாள். ‘என் அப்பா டைப்ரைட்டிங் பள்ளி வைத்திருந்தார். இருபத்திரண்டு மிஷின்கள் ஒன்றாக ஓடுகிற கட்டடத்தில் வளர்ந்தேன். டிரம்மைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே எனக்கு அந்தச் சத்தம் தெரியும். நான் வாசித்ததெல்லாம் அதைத்தான். படிக்க அனுப்பினார்கள், நான் படிப்பை விட்டுவிட்டேன். மூன்று ரெக்கார்டையும் வீட்டுக்கு அனுப்பினேன். மூன்றாவதோடு, ஊருக்குத் திரும்பப் போவதில்லை என்று எழுதினேன். பதில் எங்கள் வீட்டு மிஷினில் அடித்து வந்தது. ஆறு வரி. ஐந்து வரியில் நான் மகனே இல்லை. ஆறாவது வரி: ப்ளீஸ், இனி எழுதாதே. நாற்பது வருஷமாக எழுதவில்லை. ரெக்கார்டைக் குப்பையில் போட்டிருப்பார்கள். உலகத்தில் எங்களைக் கேட்டவர்கள் மொத்தம் நாற்பது பேர் இருந்தால் அதிகம்.’

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நாற்பது பேரா? காலை ஆறு மணி பேட்சிலேயே நாங்கள் இருபத்திரண்டு பேர்!

மகளின் லேப்டாப்பை வாங்கி நானே அடித்தேன். இன்ஸ்டிடியூட், பழுப்புத் தாள், டிரை சைக்கிள் எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியில், ‘அந்தக் கடிதத்தை அடித்தது உங்கள் அக்காவாக இருந்தாலும், அப்பா சொல்லச் சொல்ல அடித்ததுதான். அவர்மேல் தப்பில்லை’ என்றும் சேர்த்தேன். ரெக்கார்டு கம்பெனி மூலமாக மகள் அனுப்பி வைத்தாள். நாலாம் நாள் ஒரு போன் நம்பர் வந்தது. கூடவே இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக ஒரே வரி: அக்கா இருக்காளா?

அன்று மத்தியானமே போனேன். அதே மாடி. டீச்சரின் அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. டீச்சர் இப்போது இரண்டு கம்ப்யூட்டர் வைத்து ஆன்லைனில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறார். எழுபது தாண்டியும் கண்ணைத் தூக்காமல் அடிக்கிறார். கீபோர்டில் அழிக்கிற பட்டனைப் பிடுங்கி எடுத்திருந்தார், அந்த இடம் பொக்கை வாயாக இருந்தது. தப்பு வந்தால் முதலிலிருந்து விண்ணப்பத்தையே மறுபடி நிரப்புகிறாராம். கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் காத்திருந்தார்.

ஒன்றும் சொல்லாமல் போனில் பாட்டைப் போட்டேன்.

“ரெண்டாம் நம்பரு. ஹையர் ஸ்பீடு,” என்றார், திரையிலிருந்து பார்வையை எடுக்காமல். பிறகு கை நின்றது. “ஒனக்கு எப்புடிக் கெடச்சுச்சு?”

போட்டோவைக் காட்டினேன். குழுவின் பழைய படத்தைத் தள்ளிவிட்டு, பேட்டியோடு வந்திருந்த இப்போதைய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “முடி பூராம் கொட்டிப் போச்சு,” என்றார்.

“ஏன் டீச்சர் எங்கள்ட்ட ஒருநாளும் சொல்லல?”

“யாரு கேட்டா? ரெக்கார்டக் கெணத்துல போடுன்னாரு அப்பா. போட்டுட்டேன்னு சொன்னேன். அவருகிட்ட நான் சொன்ன பொய் அது ஒண்ணுதான். ஆறு மாசம் கழிச்சுப் பேரு தெரியாம தாள ஒட்டி எடுத்தாந்து போட்டேன். தாளம் சரியா இருந்துச்சு, போட்டேன்.”

“அப்பாவுக்குத் தெரியவே தெரியாதா?”

“பென்சிலால தட்டுனாரே, பாத்தீல்ல? தெரிஞ்சு தட்டுனாரா தெரியாமத் தட்டுனாரான்னு நான் கேட்டுக்கிறல.”

அவர் தம்பி உயிரோடு இருப்பதையும், அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேட்டியில் சொன்னதையும், நான் எழுதியதையும் சொன்னேன். அவர்மேல் தப்பில்லை என்று எழுதியதைச் சொன்னபோது, நன்றி என்று ஒரு சொல் வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். டீச்சர் முகம் கடுத்துவிட்டது. ரப்பரைப் பிடுங்கி வீசும் முகம். “ஒன்னய யாரு அப்புடி எழுதச் சொன்னா? பாத்தியா நீ? பாக்காததை எப்புடி எழுதுன?” என்றார். இனி அந்த மாடிப்படி ஏற முடியாது என்றே நினைத்தேன்.

“நம்பரப் போடு,” என்றார்.

அவருக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் பக்கம் யாரோ எடுத்து இங்கிலீஷில் ஹலோ என்றார்கள். நான்தான், “உங்க அக்கா இருக்காங்க,” என்றேன். பிறகு சுத்தமான புதுக்கோட்டைப் பேச்சு வந்தது, அத்தனை வருஷமாக எங்கே வைத்திருந்தாரோ.

“அக்கா. நல்லாருக்கியாக்கா?”

டீச்சர் நலம் விசாரிக்கவில்லை. “அந்த லெட்டர்ல கடசி வரி அப்பா சொல்லல,” என்றார். “அஞ்சு வரிதான் அவரு சொன்னாரு. சொல்லிட்டு மேல போயிட்டாரு. ஆறாவது நான் அடிச்சது. நீ வந்து இத எடுத்து நடத்துவ, நான் மெட்ராசுக்குப் போவேன்னு இருந்தேன். வரமாட்டேன்னு எழுதிட்ட. அம்புட்டு ஆத்திரம் எனக்கு. இந்தப் பிள்ளை எம்மேல தப்பில்லன்னு எழுதிருக்காம். அது பொய்யி. நான்தான்.”

பெஞ்சில் இருந்த பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். நானும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பொக்கையான கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தெரியும்க்கா,” என்றார் அவர்.

“எப்புடித் தெரியும்?”

“அப்பா என்னைக்கு, யாருகிட்ட ப்ளீஸ் போட்டாரு?”

தம்பியே தொடர்ந்தார்.

“அவரு சொன்னதா இருந்தா மறுநாளே அடுத்த லெட்டர் போட்டிருப்பேன். நீ சொன்னியேன்னுதான் போடல.”

டீச்சர் போனை இரண்டு கையாலும் பிடித்து, வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“போடு,” என்றார்.